அம்மாவும் ஒன்பது சங்கிலிக் கூடைகளும்

உ
சிவமயம்

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
12.10.1997

அன்பு மகள் தயாளினிக்கு அப்பா எழுதுவது,

நீயும் மருமகன் யோகராஜாவும், இன்னும் முகம் காட்டாமல் வயிற்றுக்குள் இருந்துகொண்டே எங்களை ஆட்டிப்படைக்கும் அந்தப் பெரிய மனிதரும் நல்லூர்க் கந்தன் துணையால் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே நானும் அம்மாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். என் நெஞ்சில் வெட்டித் தைத்த இடம் நன்றாகக் காய்ந்துவிட்டது, இப்போது இருமினாலும் வலியில்லை, ஆனால் பங்குனி மாதம் வரை விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் ஒற்றைக் காலில் நிற்கிறார். உன் கடிதமும் ஸ்கான் படமும் புதன்கிழமை கிடைத்தன. எனக்கு அந்தப் படத்தில் மழை மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, அம்மா மட்டும் மூக்கு உன்னுடையது, நெற்றி மருமகனுடையது என்று அடித்துச் சொல்கிறாள், நானும் ஓம் ஓம் என்று தலையாட்டி வைத்தேன். கடிதம் நீளமாக இருந்தாலும் அதில் கேள்வி ஒன்றுதான், பிள்ளைப்பேற்றுக்கு அம்மா கனடாவுக்கு வருவாளா மாட்டாளா என்பது. போனில் நீ அதைக் கேட்டபோதெல்லாம் நான் இருமினேன், லண்டன் மழையைப் பற்றிக் கதைத்தேன், ரெலிபோன் கார்ட் முடியப் போகிறது என்று பொய்கூடச் சொன்னேன். இந்தக் கடிதத்தில் நழுவப் போவதில்லை. ஆனால் பதிலை இங்கேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ வாசிக்க மாட்டாய், சின்ன வயதிலேயே கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற ஆள் நீ. ஆகவே காலை நீட்டி ஆறுதலாக இருந்துகொண்டு வரிசையாக வாசி.

அம்மாவுக்கு உன்னிடம் வர விருப்பமில்லை என்று ஒருநாளும் நினையாதே. ஆடி மாதமே டூட்டிங்கில் கடை கடையாக ஏறி இறங்கிப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயச் சரக்கு எல்லாம் வாங்கிவிட்டாள். மல்லியும் மிளகும் வேர்க்கொம்பும் வறுத்து இடித்த நாளில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து ஏதாவது தீப்பிடித்துவிட்டதா என்று விசாரித்தார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குப் பிள்ளைக்குப் போட வெள்ளைச் சட்டையும் தைத்து முடித்துவிட்டாள். சாமான் எல்லாம் ஆயத்தம், ஆள்தான் ஆயத்தமில்லை. நான் கூட வர ஏலாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு ஒரே பல்லவி, தனிய என்னாலை ஏலாது, அங்கை எயார்போட்டிலை தொப்பி போட்டவன் நிண்டு கேள்வி கேப்பான், எனக்கு வாய் வராது, சரக்கை ஆரிட்டையாவது குடுத்து விடுவம் என்று. இந்தப் பயம் எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியும். எண்பத்தாறில் ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். ஊரில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் தொப்பியும் துவக்குமாய் நின்றவனுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்த களைப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெயர் என்ன என்றுதான் கேட்டார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள், நான் சொன்னேன். பிறந்த திகதி கேட்டார், அதையும் நான் சொன்னேன். அன்று பிடித்த வழக்கம் இன்றுவரை போகவில்லை, டாக்டரிடம் அவளுடைய வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்று நான்தான் விபரிப்பேன், கவுன்சிலுக்குப் போனால் நான்தான் கதைப்பேன், பஸ்ஸில் எங்கே இறங்குவது என்று கேட்பதும் நான்தான். வீட்டுக்குள் மட்டும் எனக்கு ஒரு சொல் நுழைக்க இடம் கிடையாது, அது வேறு கதை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் தைப்பொங்கலுக்குப் பிறகு அம்மாவுக்குச் சீனி கூடிவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா. தினமும் நடக்க வேண்டும் என்று நேர்ஸ் சொன்னாள். போக இடமும் அலுவலும் இல்லாமல் சும்மா நடப்பது விசர் பிடித்தவர்களின் வேலை என்பது அம்மாவின் கொள்கை. நான் கெஞ்சிக் கூத்தாடி எங்கள் தெருமுனைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். நீ கனடாவுக்குப் போனபிறகு கவுன்சில்காரர் அந்தப் பூங்காவில் ஒன்பது இரும்புத் தூண் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தூணின் இடுப்பிலும் ஒரு கம்பிக் கூடை, கூடைக்கு மேலே குஞ்சம் கட்டியது போலச் சங்கிலிகள் தொங்கும். பூச்சட்டி வைக்க வந்தவர்கள் சட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அம்மா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சித்திரையில் ஒரு சனிக்கிழமை நாங்கள் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்க, ஒரு பிளாஸ்டிக் தட்டு சுழன்று பறந்து வந்து அம்மாவின் காலடியில் விழுந்தது. தூரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கையை ஆட்டினாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று குனிவதற்குள் அம்மா அதை எடுத்தாள், சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள், உடம்பை அரைவாசி திருப்பி ஒரு வீச்சு. தட்டு என் தலைக்கு மேலால் போய் அந்தப் பெண்மணிக்கு ஓரடி பக்கத்தில் இறங்கியது. எனக்குத் திறந்த வாயை மூட மறந்துவிட்டது. எங்கே பழகினாய் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் தட்டெறிதலில் அவள்தான் முதலாமிடமாம், பெரியபிள்ளை ஆன பிறகு வீட்டில் மறித்துவிட்டார்களாம். கல்யாணம் முடித்து முப்பத்தொரு வருஷம், இவளுக்கு எந்த மீனில் முள் பிடிக்காது என்பதுவரை எனக்குத் தெரியும், இது தெரியாது. ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேக்கேல்லை என்றாள்.

அந்தப் பெண்மணியின் பெயர் டொறீன். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்து ஓய்வெடுத்தவள், முழங்காலில் வருத்தம், ஆனால் மழையென்றாலும் வெயிலென்றாலும் சனிக்கிழமை தட்டெறியாமல் இருக்கமாட்டாள். அம்மாவின் வீச்சைப் பார்த்த அன்றே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். விளையாட்டு மிகவும் சுலபம், சீமெந்துக் கல்லில் நின்று எறிய வேண்டும், தட்டு எங்கே விழுகிறதோ அங்கே நின்று மறுபடி எறிய வேண்டும், சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழுந்தால் அந்தக் கூடை முடிந்தது, அடுத்த கூடைக்குப் போகலாம். ஒன்பது கூடைக்கும் ஆகக் குறைந்த எறி எறிந்தவர்தான் கெட்டிக்காரர். குறைய எடுப்பவன் வெல்லும் விளையாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் உன் கணக்குப் பாடத்துக்கு அவ்வளவு ரியூசன் வைத்திருக்கமாட்டேன். இரும்பு மட்டைகளோடு காசுக்காரர் ஆடும் கோல்ஃப் போலத்தான், மட்டைக்கும் பந்துக்கும் பதிலாகத் தட்டு. இதில் பணக்காரர் எவரையும் நான் காணவில்லை, பஸ் சாரதி, லொண்டரிக்காரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நாய் கொண்டுவருகிறவர்கள், அவர்களுக்கு நடுவே சீலையும் என்னுடைய பழைய கம்பளிச் சுவெற்றரும் டூட்டிங் சந்தையில் வாங்கிய வெள்ளைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு உன் அம்மா. அவள் முதலில் எறிந்தது பள்ளிக்கூடத்து எறி, தோளால் எறிகிற எறி. இது மணிக்கட்டால் எறிவது என்று டொறீன் செய்து காட்ட, ஒரு மாதத்துக்குள் பிடித்துவிட்டாள். டொறீனுக்குத் தமிழ் தெரியாது, அம்மா இங்கிலீசில் வாய் திறக்கமாட்டாள், ஆனாலும் இருவரும் சிரிக்கிற சிரிப்பு பூங்காவின் மறுபக்கத்தில் கேட்கும். கதைக்க வேண்டிய இடம் வந்தால் நான் இருக்கிறேன். ஆனியில் ஆஸ்பத்திரியால் வந்தபிறகு பாரம் தூக்கக் கூடாது என்பதால் தட்டுப் பையைத் தூக்குகிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது, பையில் நாலு தட்டும் ஒரு போத்தல் தண்ணீரும்தான். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளம்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். அங்கே எல்லோரும் தங்கள் தட்டில் கறுப்பு மையால் பெயரும் ரெலிபோன் நம்பரும் எழுதி வைப்பார்கள். பற்றைக்குள் தொலைந்தால் கண்டெடுத்தவர் கூப்பிட்டுக் கொடுப்பதற்கு. நானும் அம்மாவின் தட்டில் பெயர் எழுதப் பேனாவைத் திறந்தேன், அம்மா பறித்துவிட்டாள். பேரை எழுதிப்போட்டுச் சேத்துக்கை எறியிறதோ, நாலுபேர் காலாலை மிதிக்கவோ, உங்களுக்கென்ன மூளை கலங்கிப் போச்சோ என்று. எழுத்தென்றால் சரஸ்வதி என்று அவளை வளர்த்திருக்கிறார்கள், பழைய பேப்பரில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆள் என்று உனக்குத் தெரியாதா. கடைசியில் நீ மேசை லாச்சிக்குள் விட்டுவிட்டுப் போன சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு பொட்டு வைத்தாள். இப்போது பூங்காவில் எந்தப் பற்றைக்குள் சிவப்புப் பொட்டுத் தட்டைக் கண்டாலும் எல்லோரும் எங்கள் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

உன்னுடைய தவநாயகி மாமி டூட்டிங் கடையில் என்னைக் கண்டு, அண்ணை, அண்ணி இந்த வயசிலை சீலையோடை பார்க்கிலை தட்டெறியிறாவாம், உண்மையோ என்று நாலுபேர் கேட்க விசாரித்தாள். ஓம் தங்கச்சி, எறியிறா, நீர் வந்தால் உம்மையும் சேர்த்து எறிவா என்றேன். கடைக்காரர் சிரித்ததில் மாமி மிளகாய்த்தூளை எடுக்காமலே போய்விட்டாள். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஆவணி மாதம் நான் ஒருநாள் விமான ரிக்கற் விசாரித்துவிட்டு வந்து நவம்பரில் முதல் கிழமை இடமிருக்கிறது, போடட்டுமா என்று கேட்டேன். அம்மா அடுப்படியில் நின்றபடி அழத் தொடங்கிவிட்டாள். பிள்ளை பெறேக்கை நான் பக்கத்திலை நிக்க வேணும், ஆனால் அந்தக் கண்ணாடிக் கூட்டுக்கு முன்னாலை போனால் என்ரை பேரே எனக்கு மறந்து போகும், திருப்பி அனுப்பிப் போடுவான், அந்த அவமானம் பிள்ளைக்கு வேண்டாம் என்றாள். நீ தனிய வலியோடு கிடக்கப் போகிறாய் என்ற நினைப்பில் அவள் படுகிற பாடு ஒரு பக்கம், இந்தப் பயம் ஒரு பக்கம். அதனால்தான் உனக்கும் போனில் இருமிக்கொண்டிருந்தேன்.

நேற்றுச் சனிக்கிழமை பூங்காவில் வருஷ முடிவுப் போட்டி. பெரிய போட்டி என்று நினைத்துவிடாதே, இருபது பேர் வரும், வென்றவருக்கு ஒரு சின்னக் கிண்ணம், எல்லோருக்கும் தேத்தண்ணீரும் கேக்கும். நடத்துகிறவர் ஹார்கிறீவ் என்ற வயதானவர், றெயில்வேயில் ரிக்கற் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். உத்தியோகம் போனாலும் தொப்பி போகவில்லை, காதில் பென்சில், எவரோடு கதைத்தாலும் ரிக்கற் இல்லாமல் ஏறியவரை விசாரிக்கிற மாதிரித்தான் கதைப்பார். அம்மா அவரைக் கண்டால் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவாள். எட்டுக் கூடை முடிந்தபோது பெண்களில் அம்மாவும் டொறீனும் ஒரே எண்ணிக்கை, மற்றவர்கள் எல்லாம் வெகு பின்னால். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனதுக்குள் கந்தசஷ்டி சொல்லத் தொடங்கிவிட்டேன், டாக்டர் நெஞ்சு படபடக்கக் கூடாது என்று சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒன்பதாவது கூடை ஒரு பெரிய ஓக் மரத்துக்கு அப்பால் இருக்கிறது. டொறீன் முதலில் எறிந்தாள், தட்டு மரக்கிளையில் மோதி வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. அம்மா எறிந்தது மரத்தைச் சுற்றி வளைந்து கூடைக்குக் கிட்டப் போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு டொறீனின் தட்டைத் தேட வேண்டியிருந்தது, ஐப்பசி மாதம் அல்லவா, மரத்தின் கீழே முழங்கால் மட்டம் சருகு. நாங்கள் தேடிக்கொண்டு போக அம்மாதான் கண்டுபிடித்தாள், கண்ணால் இல்லை, காலால். சருகுக்குள் கிடந்த தட்டின் மேல், டொறீனின் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருந்த இடத்திலேயே, அவளுடைய சப்பாத்து அழுந்திவிட்டது. நெருப்பை மிதித்தவள் போலத் துள்ளிப் பின்னால் வந்தாள். அடுத்த நொடி குனிந்து தட்டை இரண்டு கையாலும் எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, சீலைத் தலைப்பால் சேற்றைத் துடைத்து, டொறீனிடம் நீட்டிவிட்டாள். எனக்கு விளங்கியது, வேறு ஒருவருக்கும் விளங்கவில்லை. விளையாட்டுச் சட்டப்படி மற்றவருடைய தட்டு கிடக்கிற இடத்தில் அதைத் தொடவே கூடாது, அவர் அந்த இடத்தில் நின்றுதான் அடுத்த எறி எறிய வேண்டும். தெரிந்தே எடுத்தால் எடுத்தவருக்கு இரண்டு எறி தண்டம் கூட்டுவார்கள்.

ஹார்கிறீவ் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். நேரே அம்மாவுக்கு முன்னால் நின்றார், ஏன் அதைத் தொட்டீர்கள் என்று கேட்டார். அந்தக் குரலும் அந்தத் தொப்பியும் எனக்கே ஹீத்ரோவையும் ஊர்ச் சோதனைச் சாவடியையும் ஞாபகப்படுத்தின. நான் பையைக் கீழே போட்டுவிட்டு, சேர், எங்களுடைய பண்பாட்டில் என்று தொடங்கிக்கொண்டே ஓடினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு கையை மட்டும் என் பக்கம் தூக்கி, நீங்கள் பேசாமல் நில்லுங்கோ, என்னைத்தானே கேக்கிறார் என்றாள். பிள்ளை, நான் சேற்றுக்குள் ஒரு காலும் புல்லில் ஒரு காலுமாய் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா இங்கிலீசில் கதைத்தாள். தட்டைச் சுட்டிக்காட்டி, பேர், எழுத்து, என்ரை கால் என்றாள். எங்கடை ஆக்கள், எழுத்து, கடவுள் என்றாள். பிறகு கண்ணில் ஒற்றிக் காட்டி, எழுத்துக்குச் சொறி, டொறீனுக்கும் சொறி என்று மன்னிப்புக் கேட்டாள். ஒரு வினைச்சொல்கூட இல்லாத இங்கிலீசு. ஆனால் அங்கே நின்ற ஒருவரும் என்ன சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்கவில்லை. டொறீன் தன் தட்டில் இருந்த பெயரை அன்றைக்குத்தான் முதல்முதல் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொறீன் தண்டம் வேண்டாம் என்றாள், சுற்றி நின்றவர்களும் விடுங்கள் விடுங்கள் என்றார்கள், ஹார்கிறீவ்கூடத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். விட வேண்டாம் என்று சொன்னது அம்மா ஒருத்திதான். சட்டம் என்றால் எழுதுங்கோ, மிதித்ததும் நான், எடுத்ததும் நான் என்று கையாலும் அரைகுறை இங்கிலீசாலும் சொல்லிப் பென்சிலைக் காட்டினாள். தண்டம் எழுதுவதென்றால் முழுப் பெயரும் வேண்டும், அங்கே எல்லோருக்கும் அவளைக் கனா என்றுதான் தெரியும். உங்கள் பெயர் என்ன என்று ஹார்கிறீவ் கேட்டார். என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, பழக்கதோஷம், பல்லால் கடித்துக்கொண்டேன். கனகாம்பிகை தில்லையம்பலம் என்றாள் அம்மா. அவர் எழுதத் தெரியாமல் முழித்தார். அம்மா இங்கிலீசு எழுத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவர் ஒரு இடத்தில் பிழையாக எழுத, இல்லையென்று விரலை வைத்துக் காட்டித் திருத்துவித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, குளிர்காற்று என்று சமாளித்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததையும் கேள். டொறீன் தன் தட்டைப் பழைய இடத்தில் வைத்து இரண்டாவதாக எறிந்தாள், கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அம்மா தன் சிவப்புப் பொட்டுத் தட்டுக்குப் பின்னால் போய் நின்றாள், தலைப்பைச் செருகினாள், எறிந்தாள். சங்கிலி எல்லாம் ஒரேயடியாகக் குலுங்கியது, தட்டு கூடைக்குள். இரண்டே எறி, ஆனால் தண்டம் இரண்டோடு நாலு. டொறீன் மூன்றாவதில் போட்டு முடித்தாள். ஒரு எண்ணிக்கையால் கிண்ணம் டொறீனுக்கு. அவளுக்கு வாங்கவே மனமில்லை, அம்மாவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் வாங்கினாள். நான் ஊரில் எத்தனையோ பரிசளிப்பு விழா பார்த்திருக்கிறேன், உன்னுடைய பட்டமளிப்புக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்திருக்கிறேன், அன்று பட்ட பெருமை உனக்கே தெரியும், ஆனால் பிள்ளை, கோபித்துக்கொள்ளாதே, நேற்றுத் தோற்றுப்போன உன் அம்மாவைப் பார்த்து நான் பட்ட பெருமை அதைவிட ஒரு பிடி கூடத்தான். இவ என்ரை மனிசி என்று பக்கத்தில் நின்ற ஒரு நாய்க்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவருக்கு அது முன்பே தெரியுமாம்.

வீட்டுக்குத் திரும்பி வருகையில் அம்மா சப்பாத்துச் சேற்றைப் புல்லில் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். தோற்ற கவலையாக்கும் என்று நினைத்தேன். ஸ்டேஷன் பக்கத்தில் தெருவைக் கடக்க நிற்கும்போது, ரொறன்ரோவிலை நிக்கிறவனும் உந்தத் தொப்பி மாதிரித்தான் போட்டிருப்பானோ என்று கேட்டாள். போட்டிருந்தாலும் போட்டிருப்பான் என்றேன். போடட்டும், பேரைத்தானே கேப்பான், நீங்கள் திங்கட்கிழமை போய் ரிக்கற்றைப் போடுங்கோ என்றாள். பச்சை விளக்கு எரிந்ததும் எனக்கு முன்னால் கடந்து போய்விட்டாள்.

ஆகவே மகளே, உன் கேள்விக்குப் பதில் இதுதான், அம்மா வருகிறாள், தனியாக வருகிறாள். நாளைக்கு நான் போய் ரிக்கற் போட்டுவிட்டுத் திகதியைப் போனில் சொல்வேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, பக்கத்து வீட்டுப் பியற்றிஸ் அக்கா இரண்டு நேரச் சாப்பாடும் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டா, மன்னார்க்காரி அல்லவா, மீன் குழம்புக்குக் குறைவிருக்காது. நீ படிகளில் வேகமாக ஏறி இறங்காதே, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, இரவில் இடப்பக்கமாகச் சரிந்து படு, வேலைக்குப் போவதை இந்த மாதத்தோடு நிறுத்து. மருமகனிடம் நான் சொன்னதாகச் சொல், உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பூங்காக்களில் சங்கிலிக் கூடை எங்காவது இருக்கிறதா என்று விசாரித்து வைக்கட்டும். அம்மா சரக்குப் பெட்டியில் மிளகுக்கும் வேர்க்கொம்புக்கும் நடுவே நாலு தட்டையும் அடுக்கிவிட்டாள், பனி பெய்தாலும் எறியலாமாம், டொறீன் சொன்னாளாம். டொறீன் சொன்னது எப்படி விளங்கியது என்று நான் கேட்கவில்லை.

உனக்கும் மருமகனுக்கும் வரப்போகிற செல்வத்துக்கும் எங்கள் நிறைந்த ஆசீர்வாதங்கள். சுகப்பிரசவமாகித் தாயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மறவாதே, விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காட்டவும் வேண்டாம், அங்கே இருக்கிற ஒருவரைப் பிடித்து என் அம்மாவுக்கு இங்கிலீசு வராது என்று சொல்லவும் வேண்டாம். அம்மா தானே கதைத்துவிட்டு வெளியே வருவாள், கொஞ்சம் பிந்தினாலும் பொறுத்து நில். நேற்று இரவு நான் மனம் கேளாமல், அங்கே கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் இங்கிலீசில் பதில் எழுதி, மேலே அவளுடைய பெயரையும் எழுதி, காட்டினால் போதும் என்று ஒரு கடதாசித் துண்டைக் கொடுத்தேன். வாங்கி மடித்துக் கண்ணில் ஒற்றிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். எழுத்து எண்டபடியால் கிழிக்கேல்லை, ஆனால் கொண்டு போகமாட்டன் என்றாள்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தட்டுப் பை தூக்கும்
அன்பு அப்பா,
ஆ. தில்லையம்பலம்